முதல் கட்டத்தில் காற்று

நர்சிங் முடித்த அக்காவுக்கு மதுரையிலும் ராமநாதபுரத்திலும் வேலை கிடைத்தது. எதற்குப் போவது? எதையும் கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்து முடிவெடுக்க, கல்லூரியில் நான் படித்திருந்த 'முடிவு மரம்' என்ற படத்தை, எங்கள் கடலோர ஊர் அக்காள்மடத்தில், வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். ஊருக்கு ஒரு கிளை. அது சம்பளம், விடுதி, பஸ் என்று மேலும் மேலும் பிரிந்து கூடத்தையே அடைத்துவிட்டது.

மீன் கழுவிய கையோடு வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "காத்து எங்கடி?" என்றாள்.

"ஆஸ்பத்திரி வேலைக்குக் காத்து எதுக்கும்மா?" என்றேன்.

"அதப் பாக்காம என்னத்த முடிவு பண்ணுவீக?"

அய்யா கடலுக்குப் போகிற வீடு. சமையலில் இருந்து கல்யாணம் வரை எல்லாமே காற்றைக் கேட்டுத்தான். எரிச்சலோடு உச்சியில் ஒரு கட்டம் போட்டு, 'காற்று' என்று எழுதினேன். அக்கா சிரித்துச் சிரித்து மதுரைக் கிளை மேலேயே உருண்டாள். கடைசியில் மதுரைக்கே போனாள்.

இன்று சென்னை அலுவலகத்தில், கணினியில் அதே மரங்களை வரைந்து தள்ளுகிறேன். அம்மாவும் அய்யாவும் இல்லை, படகையும் விற்றாயிற்று. அக்கா போன் செய்தால் இப்போதும் முதலில் கேட்பது, "ஊர்ல காத்து எப்படியாம்?"

காலையில் எழுந்ததுமே நான் அதைப் போனில் பார்த்து வைத்திருப்பேன்.