சாக்பீஸ் போட்ட மூலை

சமயநல்லூரில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது. லாரிக்கும் டெம்போவுக்கும் பாடி கட்டுகிற இடம். எங்களுடைய குட்டிக் கேரவனை அங்கேதான் செய்யக் கொடுத்தோம். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ஒற்றை அறை. இரண்டு சக்கரம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல். தகரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பட்டறைக்காரர் சிமெண்டுத் தரையைப் பெருக்கச் சொல்லி, டேப்பால் அளந்து, சாக்பீஸால் ஒரு பெரிய கட்டம் போட்டார்.

"இதாண்ணே உங்க வண்டி. உள்ள நின்னு பாத்து, எது எங்க வரணும்னு சொல்லுங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

இவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். வெறும் சாக்பீஸ் கோட்டுக்குள் நுழைவதற்குச் செருப்பைக் கழற்றுகிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அன்றைய சண்டைக்கு வேண்டிய தெம்பை நான் சேமித்து வைத்திருந்தேன்.

ஆரப்பாளையத்தில் எங்களுக்கு மோட்டார் பம்பு விற்கிற கடை. பையன் கல்லாவில் உட்கார ஆரம்பித்ததும் இவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டரில் ஹம்பியின் கல்தேர் படம் வந்திருந்தது. அந்த மாதம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இனிமேல் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. லாட்ஜ் வேண்டாம், ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டையே இழுத்துக்கொண்டு போவோம் என்று இவர் ஒருநாள் சொன்னபோது கிண்டல் என்றுதான் நினைத்தேன். போனில் அந்த மாதிரி வண்டிகளின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரூட் போடுவார். திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரைத் தாண்டி சித்திரதுர்கா, ஹொசபேட்டை. எந்த ஊரில் டிபன், எந்த ஊரில் டீசல், எந்த மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சோறு வடிப்பது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார்.

"நான் எங்கங்க போறது?" என்று கேட்டேன்.

"எங்க போறதா? எங்கூட ஹம்பிக்குத்தான்."

"அது இல்லீங்க."

நிமிர்ந்து பார்த்தார். "ஓ, அதுவா! வழியில எம்புட்டோ பெட்ரோல் பங்க் இருக்கும். பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்கிற அந்த ஒரு வார்த்தையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. கல்யாண வேன்களில் போகும்போது ஆண்கள் புளியமரத்தைக் கண்ட இடமெல்லாம் இறங்கிக்கொள்வார்கள். நாங்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது ஒருத்தி வாய்விட்டுக் கேட்டுவிட்டால், இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று முன் சீட்டிலிருந்து பதில் வரும். அதனால் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த காலத்திலும் காலையில் ஒரு காபி, மத்தியானம் சோற்றோடு ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். போன வருடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் நின்றபோது, ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கல்லு இருக்கும்மா. டீச்சரா? பஸ்லயே போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். இனிமேல் எங்கே போனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கண்டித்தும் அனுப்பினார்.

ஆகவே கணக்கு ரொம்ப எளிது. ஹம்பிக்குப் போவதானால் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதானால் கூடவே ஒரு கக்கூசு வர வேண்டும்.

பட்டறையில் இவர் கட்டத்துக்குள் நின்று கையை நீட்டி நீட்டி, இங்கே கட்டில், இங்கே அடுப்பு, அதற்கு மேலே சாமி படம், இந்த மூலையில் துணி வைக்க அலமாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பட்டறைக்காரரிடம் சாக்பீஸைக் கேட்டு வாங்கினேன். காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை, கோடு நேராக வந்தது. அலமாரி என்று இவர் சொன்ன மூலையில் ஒரு சதுரம் போட்டேன்.

"என்ன இது, பீரோவா?"

"கக்கூசு."

பக்கத்தில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அடுப்புக்குப் பக்கத்துலயா?" என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

"இம்புட்டுக் கட்டத்துல எது எதுக்குப் பக்கத்துல இல்லைனு நீங்களே சொல்லுங்க."

பட்டறைக்காரர் நடுவில் வந்தார். கீழே ஒரு சின்னத் தொட்டி வைத்து, வெளிப்பக்கமாக இழுத்து எடுத்துக் கொட்டிக் கழுவிவிடுகிற மாதிரி செய்யலாம், வேறொரு வண்டிக்குப் போட்டிருக்கிறேன் என்றார்.

"அது நெறஞ்சா யாரு தூக்கிட்டுப் போயி ஊத்துறது?" என்று இவர் கேட்டார்.

"நான் தூக்குறேன்."

"நீ எதுக்குத் தூக்கணும்?"

"அப்ப நீங்க தூக்குங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்நிய மனிதர்கள் முன்னால் என் மூத்திரத்துக்கு இடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்ற அழுகை. "இந்த மூலை இல்லைன்னா நான் வரலை. உங்க சேக்காளி யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டை விட்டு வெளியே வந்தேன்.

செய்தி எப்படியோ மதினி காதுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, இவர்தான் போன் பண்ணியிருப்பார். மதினி இவருடைய அக்கா. சமயநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வயலும் மாடுமாக இருக்கிறவர். தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு இங்கே மறுபேச்சு கிடையாது. மறுநாளே போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, அன்னம் பொங்குற எடத்துலயா அதையும் வைப்ப? சாமி படத்தை எங்கிட்டு மாட்டுவ? படிச்ச புள்ளதான நீயி?"

எங்கள் வீட்டில் படுக்கை அறையோடு சேர்த்து பாத்ரூம் கட்டியபோதும் இதையேதான் சொன்னார். கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் கை நனைக்கவே இல்லை. இத்தனைக்கும் எங்கேயும் பயணம் வருகிற ஆளும் இல்லை அவர். திருச்செந்தூரில் நடந்த காதுகுத்துக்கும் வரவில்லை, கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்கும் வரவில்லை. கேட்டால் முட்டிவலி. வரப்பில் என்னை முந்திக்கொண்டு நடப்பார், கார்க் கதவைத் திறந்தால் மட்டும் அவருக்கு முட்டி வலிக்கும் என்று நான் வீட்டில் கேலி பேசுவதுண்டு.

கடைசியில் பட்டறைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அந்தக் கக்கூசு அறையைப் போல்ட்டில் நிற்கிற மாதிரி செய்து தருகிறேன், வெள்ளோட்டம் போய்ப் பாருங்கள், வேண்டாம் என்றால் ஒரே நாளில் கழற்றிவிட்டு அலமாரி மாட்டிவிடலாம் என்றார். இவருக்கு அது பிடித்துப் போனது. எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்புக்கு வெல்டிங், எனக்கு மட்டும் போல்ட்டு. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு, "உள்பக்கம் தாப்பா மட்டும் கெட்டியா இருக்கணும்ணே" என்றேன்.

"நீங்க ரெண்டு பேருதானக்கா போறீங்க, தாப்பா எதுக்கு?"

"இருக்கட்டும்."

வண்டி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. எந்தப் படத்துக்கு ஷூட்டிங் என்று கேட்காத ஆள் இல்லை. பேப்பர் வேலையெல்லாம் முடிந்தபின், காலி மைதானத்தில் இவர் ரிவர்ஸ் எடுக்கப் பழகினார். பின்னால் இருக்கிற பெட்டி இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். நான் பின்னால் நின்று கையைக் காட்டுவேன். இவர் நான் காட்டுகிற பக்கமே ஒடிப்பார், பெட்டி மடங்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போகும். "நீ சொன்னபடிதான ஒடிச்சேன்?" என்பார். பேச்சை விட்டுவிட்டு, பெட்டியின் பின் மூலைகளில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பக்கம் சிவப்புத் துணியும் ஒரு பக்கம் பச்சைத் துணியும் கட்டி, எந்தத் துணி கண்ணாடியில் பெரிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஒடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டார். பாராட்டினால் தலைகால் தெரியாமல் ஆடுவார் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளோட்டத்தைக் கீழக்குயில்குடிக்கு வைத்தோம். மலையடிக் கோயிலில் வண்டிக்குப் பூசை, அங்கேயே சமையல், சாயங்காலம் திரும்புவது என்று திட்டம். மதினி வந்து சூடம் காட்டினால்தான் வண்டி நகரும் என்று இவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே மதினியை ஊரில் போய் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். பக்கத்தில்தானே என்று முட்டிவலி அன்று விட்டுக்கொடுத்திருந்தது.

போன பிறகுதான் தெரிந்தது, பூசாரி பக்கத்து ஊருக்கு ஒரு வேலையாகப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்று. ஆலமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து மதினியை உட்கார வைத்தோம். வண்டிக்குள் ஏற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் வேண்டாம். "வயிறு ஒரு மாதிரி இருக்குத்தா." ஒருவழியாகப் பூசாரி வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து எல்லாம் முடிந்தது. மதினி சூடம் காட்டினார். மறுபடி மரத்தடிக்கே போய்விட்டார். இவர் வண்டிக்குள் உற்சாகமாக உப்புமா கிண்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கே பார்த்தாலும் கூட்டம். மலைப்படியில் காலேஜ் பிள்ளைகள், தாமரைக் குளத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. நான் வண்டி ஜன்னல் வழியாக மதினியைப் பார்த்தேன். உட்கார்ந்தார், எழுந்தார், கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார், கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அந்த நிழலிலும் நெற்றி வேர்த்திருந்தது. அந்த உட்காரலும் எழுந்திரிப்பும் எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பஸ் ஸ்டாண்டுகளில் அப்படி இருந்திருக்கிறேன். திருச்செந்தூர், கோயம்புத்தூர், முட்டிவலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசுக்குள் வந்தன. நான் பேசிய கேலியும் வந்தது.

போய்ப் பக்கத்தில் நின்றேன். "மதினி, ஒரு எட்டு உள்ள வந்து பாருங்க. காத்தோட்டமா இருக்கு" என்றேன்.

மறுக்கவில்லை. எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். இவரை உப்புமாச் சட்டியோடு வெளியே அனுப்பினேன். மதினி கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மூலையில் இருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்:

"உள்ள தாப்பா இருக்கா?"

"இருக்கு மதினி. கெட்டியான தாப்பா."

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இவர் தட்டோடு வந்தார். "அக்கா எங்க?" தலையால் வண்டியைக் காட்டினேன். "உள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே படியில் கால் வைத்தவர், நான் நகராமல் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். முகம் மாறியது. "முட்டிவலின்னுல சொல்லும்..." என்றார். "எம்புட்டு வருசமா?"

"உங்க அக்காகிட்டயே கேளுங்க" என்றேன்.

இவர் தட்டைப் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. மதினி கை கால் கழுவி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அதைக் கழட்டாத. அலமாரிய வேற எங்கிட்டாச்சும் மாட்டு."

"சரிக்கா."

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

நான் எழுவதற்குள் இவர் உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். மதினி அண்ணாந்து, மூச்சு விடாமல் முழுச் சொம்பையும் குடித்தார். வீட்டை விட்டு வெளியே வந்த இடத்தில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. காலிச் சொம்பைத் தம்பியிடம் நீட்டினார்.

"இன்னொரு சொம்பு கொண்டாடா."

கொண்டுவந்தார். அதில் பாதியைக் குடித்துவிட்டு மதினி சொம்பை என் பக்கம் தள்ளினார். மிச்சத்தை நான் குடித்தேன். வீடு திரும்ப இன்னும் நேரம் இருந்தது.