கேட்டில் பல்லைக் காட்டுவது

எனக்கு எடுப்புப் பல். பள்ளிக்கூடத்தில் தேங்காய்த் துருவி என்று பெயர் வைத்தார்கள். அம்மா அப்படியெல்லாம் சொல்லமாட்டாள். "பொம்பளப் பிள்ள பல்லக் காட்டாத" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சிரிப்பு வந்தால் என் கை தானாக எழுந்து வாயை மூடும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு, சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி வேலைக்கு வந்தபோதும் அந்தக் கை கூடவே வந்தது. இருபத்தொரு வயதுவரை எடுத்த எந்தப் போட்டோவிலும் என் வாய் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி ஒரே ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் கம்பி போட்டுக்கொண்டேன்.

கோயில் பக்கத்துத் தெருவில் பல் ஆஸ்பத்திரி. கம்பி டாக்டர் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் சென்னையிலிருந்து வருவார். அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அம்மாமாரோடு உட்கார்ந்து, ரப்பர் வளையம் பச்சையா ஊதாவா என்று சண்டை போடுவார்கள். கம்பெனி ஹாஸ்டல் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாகப் போனவள் நான் ஒருத்திதான். ஒரு சின்னப் பெண், "அக்கா, நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கை போய் மூடிவிட்டது.

இடம் வேண்டும் என்று மேலே இரண்டு, கீழே இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டினார்கள். இரண்டு வருடம் ஆகும், நடுவில் விட்டால் இடைவெளி அப்படியே நின்று முன்னைவிட மோசமாகிவிடும் என்றார் டாக்டர். பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி கேட். உள்ளே ஒரு கொண்டை ஊசிகூடக் கொண்டுபோகக் கூடாது. மெட்டியைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பக்கத்து மண்ணூர்க்காரரான செக்யூரிட்டி அக்கா தன் மெட்டல் டிடெக்டரை முகத்தருகே கொண்டுவந்ததும் அது கத்தியது.

"வாய்ல இன்னா வெச்சிகினு கீற?"

"பல்லுக்குக் கம்பிக்கா."

"அண்ணாந்து ஈன்னு காட்டு."

டார்ச் அடித்துப் பார்த்து, நோட்டில் என் நம்பருக்கு எதிரே "வாயில் கம்பி" என்று எழுதினார். அன்றுமுதல் உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை காட்டவேண்டும். பின்னால் நிற்பவர்களுக்கு பஸ் போய்விடும் என்ற கவலை. "பீப்பு வந்துட்டா" என்று முணுமுணுப்பார்கள். தேங்காய்த் துருவியே தேவலை என்று தோன்றும். கம்பியை முறுக்கிவிட்ட வாரங்களில் இட்லியைக்கூட மெல்ல முடியாது. ஹாஸ்டலில், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு என்று ஆறுதல் சொன்னார்கள். கடிக்க முடிந்தால்தானே!

கம்பி போட்ட எட்டாவது மாதம் எங்கள் லைனில், போர்டில் பதிக்கும் பொடி சிப்புகள் இருந்த ஒரு பாக்கெட்டைக் காணவில்லை. பீப் அடித்தாலும் வெளியே விடப்படுகிறவள் ஒருத்திதான். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் என்னை கேட் அருகே கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். ஹாஸ்டல் பஸ் கிளம்பிப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த அக்காவையே கூப்பிட்டு, கையுறை போட்டு என் வாய்க்குள் தேடச் சொன்னார்கள். கன்னத்துக்கு உள்பக்கம், நாக்குக்கு அடியில் எல்லாம் விரல் போனது. "சொல்ட்டாங்க, நான் இன்னா பண்றது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். வாயைத் திறந்துகொண்டே அழ முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் குரலை உயர்த்தவேயில்லை. "கம்பிய கழட்டிட்டு வா, இல்லன்னா டாக்டர் லெட்டர் கொண்டா. அதுவரைக்கும் லைன் கிடையாது" என்றார்.

டாக்டர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. கம்பியைக் கழற்றினால் வாயில் நாலு ஓட்டை. கழற்றாவிட்டால் வேலை இல்லை. ஊருக்குப் போனால் திருடிவிட்டு ஓடினாள் என்பார்கள். ஆப்பசைத்த குரங்கு கதைதான். ஆப்பைப் பிடுங்கியதும் நான்தான் என்பதால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

மறுநாள் பாக்கெட் கிடைத்துவிட்டது. ஸ்டோரில் அதைப் பக்கத்து லைனுக்குத் தவறிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "போய் லைன்ல நில்லு" என்றார் சூப்பர்வைசர். 'வாயில் கம்பி' என்று எழுதிய அந்த கேட் நோட்டை அவர் மூஞ்சியில் வீசிவிட்டு வந்திருக்கவேண்டும். ஆனால் கீழ் வரிசையில் இடைவெளிகள் இன்னும் மூடவில்லை. போய் நின்றேன். அன்று வெளியே வரும்போதும் அண்ணாந்து காட்டினேன்.

கம்பி போட்டு இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியைக் கழற்றினார்கள். திங்கட்கிழமை காலை டிடெக்டர் கத்தவில்லை. நான் அதற்குள் தலையைத் தூக்கி வாயைத் திறந்திருந்தேன்.

"மூடிக்கோம்மா. இனிமே காட்ட வேணாம்" என்றார் அக்கா. அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். கையை மடியில் வைத்து, மேலே இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சிரிக்கச் சொன்னார் போட்டோக்காரர். நான் சிரித்தேன். அவர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிரிக்கதானேம்மா சொன்னேன்? எதுக்கு அண்ணாந்து வாயத் தொறக்கற?"

மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு அப்படியே எடுத்துக் கொடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. பல் வரிசையில் ஒரு குறை சொல்ல முடியாது, கடைவாய்ப் பல்வரை தெரிகிறது.