மூன்று முறை அளந்த இடம்

பன்னிரண்டாவது வாரத்தில் அருப்புக்கோட்டையில் எனக்கு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, முதலில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரே இடத்தை மூன்று முறை அளந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு என் கணவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். இந்தச் சமயத்தில் எல்லாக் குழந்தைக்கும் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் கொஞ்சம் நீர் இருக்குமாம். எங்கள் குழந்தைக்கு அது அதிகம். இதை வைத்துக் குறை இருக்கிறதென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. மதுரையில் அடுத்த பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

வெளியே வந்ததும், ரிப்போர்ட்டில் ஏதோ கேட்கவேண்டும் என்று கணவர் மட்டும் திரும்ப உள்ளே போனார். வர வெகுநேரம் ஆனது. என்ன கேட்டீர்கள் என்றேன்.

"சும்மா, என்னைக்குப் போகணும்னு கேட்டேன்."

அதைத்தான் என் முன்னாலேயே சொல்லியாகிவிட்டதே. திருச்சுழி பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் சொல்லாத எதையோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் மாமியாருக்கு வேறு சந்தேகம். "ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கத்தான மதுரைக்குப் போறீக?" என்றார். இல்லை அத்தை என்று சொல்லியும் நம்பவில்லை. டாக்டர்கள் கமிஷனுக்காக மதுரைக்கு அனுப்புகிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொன்றையும் நானும் அரை நாள் நம்பினேன்.

மறுநாள் கணவர் குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். பூச்சிமருந்தால் வயிற்றுப்பிள்ளைக்குக் குறை வருமா என்று திரும்பத் திரும்பத் தேடியிருந்தார். அவருக்குப் பந்தல்குடியில் உரக்கடையில் வேலை. போனும் கையுமாக நின்ற என்னைப் பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு டாக்டரம்மாட்ட நாந்தான் காரணமோன்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, யாரு மேலயும் தப்பு இல்லைன்னாக. எனக்குத்தான் நம்பிக்கை வரல."

சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மதுரையிலும் அளவு அதேதான் வந்தது. பதினாறாவது வாரத்தில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வளைகாப்புப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். குரோமோசோமில் குறை இல்லை என்று வந்தது. இருபதாவது வாரத்தில் ஸ்கேனில் குழந்தையின் இதயத்தையும் பார்த்தார்கள். எதையும் மறைக்கவில்லையே என்று கேட்டேன். ஸ்கேன் எடுத்த மதுரை டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆனால் ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது என்பதையும் சொன்னார். அப்படிச் சொன்னதாலேயே அவரை நம்பினேன்.

மகள் பிறந்தாள். குழந்தை டாக்டர் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்றார்.

"இன்னொருக்கா பாத்துருங்க சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டினார்.