நடவு வரிசையில் கிடைத்த குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் பாகூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். படிப்பு, பரீட்சை எல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்த எங்களையும் டாக்டர்களையும் புதுச்சேரிக்குக் கூப்பிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மருந்து இல்லாமல் பேச்சாலேயே மனநோயைக் குணப்படுத்தும் மேற்பயிற்சியாம்! பாடம் நடத்திய பிரெஞ்சு டாக்டர் சொன்னது இதுதான்: நோயாளியை எதிரே உட்கார வை, முகத்தைப் பார், நீ பேசாதே, அவரே பேசுவார். வாயை மூடுவதுதான் எனக்குப் பெரும்பாடு. ஆளுக்கொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும்.

எனக்கு வாய்த்தவள், பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்தின் புது மருமகள். பிறந்த ஊர் உறுவையாறு. வந்த சில நாளிலேயே பேச்சு நின்றுவிட்டது. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளைப் பார்க்கப் புகுந்த வீட்டுக்கே போனேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வாயத் தொறக்கலன்னா ஆத்தா வூட்டுலயே வுட்டுட்டு வந்துடுவோம்" என்றார் மாமியார் கறாராக. மூலையில் நின்ற புருஷன் பரிதாபமாக என்னையே பார்த்தான்.

பாடப்படி எதிரே உட்கார்ந்தேன். அவள் தரையைப் பார்த்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் கூடி எங்களைப் பார்த்தார்கள். நான் பேசாமல் காத்திருந்தேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, நீயும் பேச மாட்டேங்குற? உனக்கும் புடிச்சிக்கிச்சா?"

வாசலே சிரித்தது. என் மானம் கப்பலேறியது.

மறுநாள் போனால் எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்தேன். வரிசையாகக் குனிந்த பெண்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவே இல்லை. ஆனால் பேச்சு? நாத்தனார் சண்டையிலிருந்து வயிற்றுவலி வரை தாராளமாக வந்துகொண்டிருந்தது. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சேற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள்! வரிசைக் கடைசியில் அந்த மருமகள் மட்டும் வாய் திறக்காமல் நட்டுக்கொண்டிருந்தாள்; புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் இறங்கிவிட்டேன்.

"ஆஸ்பத்திரி அம்மா, நாத்தத் தலகீழா நட்டுடாதீங்க!" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். என் வரிசை கோணல்மாணலாகப் போனது. வெயில் ஏறிய பிறகு பக்கத்தில் ஒரு முனகல்.

"சத்தமா சிரிச்சேன்க்கா, வந்த அன்னிக்கு."

நான் நிமிரவில்லை.

"அத்தை, 'இன்னாடி இது, வாயா, திருவிழாவுல ஊதுற தாரையா'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் வாயத் தொறந்தாலே பயமாயிருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றையே பார்த்துக்கொண்டு நட்டேன். அந்த நேரம் பார்த்துக் காலில் ஏதோ வழவழவென்று ஏற, "ஐயோ, பாம்பு!" என்று அலறி அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன்.

"தவளக்கா அது!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்! நடவு நின்றது. கஞ்சிப் பானையோடு வரப்பில் வந்த மாமியாரும் நின்றுவிட்டார். அவரைக் கண்டதும் அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாரைன்னு சொன்னீங்கன்னுதான் அவ பயந்துட்டா" என்றேன், சேற்றில் இருந்தபடியே.

"அடிப்பாவி, நான் வெளாட்டுக்குத்தாண்டி சொன்னேன்!" பானையை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "கைய எடுடி. வெள்ளிக்கெழம ஆத்தா வூட்டுக்குப் போறது போறதுதான். இந்தச் சிரிப்ப அவங்களும் கேக்கட்டும். சாயங்காலமே திரும்பிடணும், ஆமா!"

வகுப்பில் பிரெஞ்சு டாக்டர், நோயாளியை எங்கே உட்கார வைத்தாய் என்று கேட்டார். நான்தான் உட்கார்ந்தேன், சேற்றில் என்றேன். அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

இன்றும் யாராவது வாயடைத்துப்போய் இருந்தால் நான் எதிரே போய் உட்காருவதில்லை. பக்கத்தில் நின்று, அவர்கள் செய்கிற வேலையில் நானும் ஒரு கை பிடிக்கிறேன்.