வெடிப்புக்குள் கிடந்த கல்

எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கல்யாண வீடோ இழவு வீடோ, வயதானவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் தகப்பனார் யார், அவருக்குத் தகப்பனார் யார் என்று குடைந்து எடுப்பேன். எல்லாவற்றையும் வம்சாவளியாக எழுதி வைப்பேன். "செத்தவுகளைத் தேடுறவுக வந்துட்டாக, பந்தியைச் சட்டுன்னு முடிங்க" என்று அருப்புக்கோட்டையில் எங்கள் மாதா கோயில் ஜனங்கள் கேலி செய்வார்கள். தாத்தா பெயரைத்தான் எனக்கு வைத்திருந்தார்கள். அய்யாவுக்குப் பால்பல் விழும் வயதிலேயே அவர் போய்விட்டார். பார்க்காத மனிதர் பெயரோடு திரிகிறவனுக்கு இந்தக் கிறுக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்?

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சித்திரை மாதம் அய்யாவை வாதம் அடித்துப் போட்டது. ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிவிட்டது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அன்று அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எங்கய்யா பக்கத்துல வையி."

எந்த இடம் என்று கேட்டால் அவர் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

எங்கள் பூர்வீகம் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கே பழைய கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டதென்று ஓடைக்கு அப்பால் வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் கறார்.

"உங்க தாத்தா கல்லைக் காட்டுங்க, பக்கத்துலயே வைக்கச் சொல்றேன். கல்லு இல்லாம ஆளாளுக்கு இடம் கேட்டா நான் என்ன செய்ய?" என்றார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் தினமும் போனேன். அது பாதி வழியில் படுத்துக்கொள்ளும். எல்லோருமாய்த் தள்ளிப் பார்த்துவிட்டு மீதியை நடப்பேன். தோட்டம் முழுக்க உடைமுள். கரிசல் மண் மழையில் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும், கோடையில் பிளந்துகிடக்கும். நட்ட கல்லெல்லாம் சாய்ந்து, சாய்ந்தவை புதைந்து, மேலே தெரிந்தவை கொஞ்சம்தான். அவற்றில் தாத்தா இல்லை.

வெடிப்பு வெடிப்பாகக் கடப்பாரையை விட்டுக் குத்திப் பார்த்தேன். அது மண்ணுக்குள் மெத்தென்று இறங்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. தாத்தாவுக்குத் தாத்தா வரை பெயர் எழுதி வைத்து என்ன பிரயோஜனம்? ஒருத்தர் எங்கே கிடக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஆள் அரவமில்லாத அந்த வெயிலில் நின்று, "எங்க கெடக்கீரு? வாயைத் தொறந்து சொல்லும்!" என்று கத்தினேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனையில் நின்று, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன்.

கடைசியில் கிழக்குச் சுவர் ஓரம், வெடிப்புகள் ஓரிடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவதைக் கண்டேன். குத்தினேன். ணங்கென்றது. கையாலேயே மண்ணைப் பறித்தேன். நகம் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. முதலில் தெரிந்தது என் பெயர். அதன் கீழே எங்கள் ஊர்ப் பெயர். மற்ற எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு ஓடிவந்து, "அய்யா, தாத்தா கல்லு கெடைச்சிருச்சு, பேரு இருக்கு" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"கல்லு... வைக்கலையே, ஏலே. கஞ்சிக்கே... வழியில்ல."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரிசலில் கல் ஏது? வண்டி கட்டி எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். தகப்பன் போன குடும்பம் அதற்கு எங்கே போகும்? கல்லில் இருந்தது எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் புனிதரின் பெயர், வீட்டுக்கு வீடு ஒருத்தருக்கு இருக்கும். இத்தனை வம்சம் எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. கல்லே இல்லாதவரை இனி எங்கே போய்த் தேடுவேன்?

அய்யா நல்ல கையால் என் தோளைத் தட்டினார்.

"அந்தக் கல்லுக்காரவுகளுக்கு... கல்லறைத் திருநாளுக்கு... மெழுகுதிரி ஏத்த ஆளு வாராகளா?"

"மண்ணு மூடிக் கெடந்துச்சுய்யா. யாரு வரப்போறாக?"

"அப்ப... அங்கயே வையி."

மறுநாள் மத்தியானம் அய்யா போய்விட்டார். மாட்டுவண்டியில் ஊருக்குக் கொண்டுபோனோம். சாமியார் குடையைப் பிடித்தபடி குனிந்து அந்தக் கல்லைப் படித்தார். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு காத்து நின்றார். அந்தத் தோட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் என் தாத்தாவும் கிடந்தார். நான் மிதித்து நின்ற மண்ணிலேயேகூட இருக்கலாம்.

"இவர்தானே உங்க தாத்தா?" என்று சாமியார் கேட்டார்.

"ஆமா சாமி" என்றேன். "இவுகதான் எங்க தாத்தா."