அக்காவைப் பற்றி எழுதிய பதிவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். எழுபது வயதுக்காரர்கூட சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "ஊசியக்கா, வலிக்காம எடும்மா" என்பார். அக்காவும் அம்மாவும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரும். ஊருக்குத்தான் அவள் அக்கா. வீட்டில் அவள் சின்னவள். அவளுக்கே ஆறு வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள்.

அந்த வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். நல்ல கைராசி. மற்றவர்கள் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்காமல் விழிக்கும் ஆட்களை அவளிடம் அனுப்பிவிடுவார்கள். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவி, ஆள் பெருமூச்சு விடுகிற நேரம் பார்த்து ஊசியை ஏற்றுவாள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனில் எதையாவது படிப்பாள். அப்படித்தான் ஒருநாள் அந்த எழுத்துக் குழு கண்ணில் பட்டது.

இணையத்தில் இருநூறு பேர் சேர்ந்து நடத்திய வலைப்பதிவுத் தளம் அது. திங்கள்தோறும் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். விருப்பப்பட்டவர்கள் எழுதிப் போடலாம், மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்லலாம். யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. அவள் 'சின்னவள்' என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதல் பதிவு பொறுமையைப் பற்றி. 'பொறுமை என்பது மனிதனுக்குக் கிடைத்த மாபெரும் வரம்' என்று ஆரம்பித்திருந்தாள். எழுதி முடித்தபோது தனக்கே புல்லரித்தது. கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் வேலைக்காரர். அளவெடுக்கும்போது மட்டும்தான் வாய் திறப்பார். "நல்லாருக்கு" என்றார்.

மறுநாள் கீழே ஒரே ஒரு கருத்து வந்திருந்தது. எழுதியவர் பெயர் அரைப்புள்ளி. 'பொறுமை நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.'

இரண்டு நாள் அவளுக்கு ஆத்திரம் தாளவில்லை. "பெரிய மேதாவி! நான் எங்க உக்காந்தா இவங்களுக்கு என்னவாம்?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே பொருமினாள். அடுத்த திங்கள், வம்புக்கென்றே, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை எழுதினாள். குளிர்பெட்டியின் உறுமல், நீல மூடி, சிவப்பு மூடி, ஊதா மூடி போட்ட குழாய்கள், ஆறடி உயரமுள்ள லாரி ஓட்டுநர் ஊசியைப் பார்த்ததும் வேரற்ற மரம்போல அவள் மடியில் சாய்ந்தது. முப்பது பேர் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அரைப்புள்ளி எழுதினார்: 'வேரற்ற மரம் வேண்டாம். மடியில் விழுந்தபோது அவர் தலை எவ்வளவு கனமாக இருந்தது என்று சொல்லுங்கள், போதும்.'

அது ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருடம் அந்த ஆள் அவளுடைய ஒவ்வொரு பதிவுக்கும் வந்தார். அழகுக்கென்று ஒட்டிய சொற்களைப் பிடுங்கி எறிந்தார். அவள் சண்டை போட்டாள், கோபித்துக்கொண்டு ஒரு மாதம் எழுதாமல் இருந்தாள், திரும்பி வந்தாள். பொய்யாக ஒலிக்கும் வரியை மெல்ல மெல்ல அவளே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஊசி நரம்பில் ஏறும்போது விரலுக்குத் தெரியுமே ஒரு சின்ன இடறல், அது வாக்கியத்திலும் தெரிய ஆரம்பித்தது.

நான்காவது வருடம் ஒரு திங்கள் 'திரும்பிப் போனவர்கள்' என்று தலைப்பு வந்தது. பார்த்ததும் அவளுக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஏதோ வாய்ச்சண்டையில் அக்காவின் கணவர், வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டிய துணிகளையெல்லாம் அவளுடைய கத்தரிக்கோலாலேயே வெட்டிப் போட்டார். அக்கா தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி, பெட்ஷீட்டில் சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு சின்னவளின் வாசலில் வந்து நின்றாள். அப்போது சின்னவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். ஒரே அறை. சின்னவளின் கணவர் முகம் சுளிக்காமல் தன் கண்ணாடிக் கடையில் போய்ப் படுத்துக்கொண்டார். பதினோராம் நாள் அக்கா திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ஒரு வாரம் மதியங்களில் உட்கார்ந்து எழுதினாள். கழுத்து நோகும், எழுந்து நடப்பாள், திரும்ப உட்காருவாள். அக்கா படுத்த விதம், சுவர்ப் பக்கம் திரும்பி முழங்கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தது, வந்துவிட்டது. மிஷினிலிருந்து பெட்ஷீட்டில் ஊறிய எண்ணெய்க் கறை வந்துவிட்டது. முதல் வடிவத்தைத் தளத்தில் போடாமல் தனிச்செய்தியாக அரைப்புள்ளிக்கு அனுப்பினாள்.

'நீங்கள் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது' என்று பதில் வந்தது. 'ஆனால் முடிவு சப்பென்று இருக்கிறது. அவர் ஏன் திரும்பிப் போனார்? அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். கடைசி நாள் என்ன நடந்தது?'

கடைசி நாள் என்ன நடந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத மனம் வரவில்லை. நடக்காததை எழுதினாள். அக்காவின் கணவர் வாசலில் வந்து தலைகுனிந்து நின்றதாகவும், அக்கா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுததாகவும், தங்கை அவளைப் போகாதே என்று தடுத்ததாகவும் எழுதினாள். எழுதும்போது விரலில் அந்த இடறல் தெரியத்தான் செய்தது. ஆனாலும் வரிகள் அழகாக வந்து விழுந்தன. அரைப்புள்ளி இந்த முறை எதையும் வெட்டச் சொல்லவில்லை.

பதிவு வெளியான அன்று அவளால் வேலையில் நிலைகொள்ள முடியவில்லை. கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. 'என் அம்மாவை நினைத்து அழுதேன்.' 'இப்படி ஒரு தங்கை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்.' அந்த இரண்டாவது வரியையே ஆளாளுக்கு வேறு வேறு விதமாக எழுதினார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சில் முள் நறுக்கென்று தைத்தது. தைத்தாலும் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தாள். யாரோ அதை நகலெடுத்துப் போனில் பரப்பிவிட்டார்கள். அது தெருத்தெருவாகச் சுற்றத் தொடங்கியது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, வரிசையில் ஏழாவது ஆளாக அக்கா வந்தாள். கையில் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு. சொல்லாமல் வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"போன் பண்ணியிருந்தா வீட்டுக்கே வந்து எடுத்திருப்பேனே. சாப்பிடாமத்தானே வந்திருக்க?"

"சாப்பிடல. கட்டு" என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பட்டையைக் கட்டி முடித்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "எங்க குடியிருப்பு குரூப்ல ஒண்ணு வந்துச்சு. ஒருத்தி தையல் மிஷின் தலைய பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்கு வர்றா. நல்லா எழுதியிருந்துச்சு. யாரோ பாவம், நம்மள மாதிரியே ஒருத்தின்னு நெனச்சுத்தான் படிச்சேன். அந்த எண்ணெய்க் கறை வந்த பெறகுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு."

ஊசியக்காவின் கை அதன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. நரம்பு கிடைத்தது. குழாய்க்குள் ரத்தம் ஏறியது.

"பேரு எதுவும் போடலையேக்கா..."

"பேரு போட்டாத்தான் நானா? மூணாவது மாடிக்காரம்மா வந்து, படிச்சீங்களா, எனக்கு அழுகையே வந்துடுச்சுன்னாங்க. ஆமா, நல்லாருக்குன்னேன். வேற என்ன சொல்றது? அதுல இருக்கிறவ நான்தான்னா சொல்ல முடியும்?"

பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். ஊசியக்கா குழாயை மாற்றினாள்.

"உங்க மாமா வரவே இல்ல" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "பதினோரு நாள்ல ஒரு நாள் எட்டிப் பாக்கல. அவரு வந்து தலைய குனிஞ்சு நின்னாராம். நான் அழுதேனாம். நான் எங்கடி அழுதேன்? ஒரு சொட்டு விட்டேனா?"

"இல்ல."

"அப்ப நான் ஏன் போனேன்?"

"அக்கா, இங்க வேணாம்..."

"நீ எழுதினது மட்டும் எங்க வச்சு? ஊரே படிக்கிற எடத்துலதானே? சொல்லு."

"நான்தான் கேட்டேன்" என்றாள் சின்னவள். "எத்தன நாள் இருக்கப் போறன்னு நான்தான் கேட்டேன்."

"அத மட்டும் காணோமே. அடியில லிங்க் இருந்துச்சு, அமுக்கிப் பாத்தேன். இப்படி ஒரு தங்கச்சி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு நாப்பத்தி மூணு பேரு எழுதியிருக்காங்க. ஒவ்வொண்ணா எண்ணினேன்." அக்கா பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ரிசல்ட்ட போன்ல அனுப்பிடு."

அன்று மதியமே அவள் பதிவை நீக்கினாள். 'ஏன் எடுத்தீர்கள்?' என்று குழுவில் பத்துப் பேர் சண்டைக்கு வந்தார்கள். நீக்கி என்ன பயன்? போன்களில் சுற்றுவதை யார் நிறுத்துவது? அடுத்த வாரம் ஊசிக்குக் கை நீட்டியிருந்த ஒரு பெண் அந்தக் கதையைத் தன் தோழிக்குப் போனில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் இப்போது யாரோ புதிதாக ஒரு முடிவு சேர்த்திருந்தார்கள். கணவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். ஊசியக்கா அதைக் கேட்டபடி நரம்பைத் தேடினாள்.

அரைப்புள்ளிக்கு உண்மையை எழுதினாள். 'நீங்கள் கேட்ட இடத்தில் பொய்யை வைத்தேன்.' இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. நன்றாக இருந்ததால் கேட்காமல் விட்டேன். நானும் இதில் கூட்டு.' அதற்குப் பிறகு அந்த ஆள் அவள் பதிவுகளுக்கு வருவது குறைந்தது.

மாதக்கணக்கில் அக்கா போனை எடுக்கவில்லை. சின்னவள் கடைசி நாளை மட்டும் காகிதத்தில் திரும்ப எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் தன்னைத் திட்டித் தீர்த்திருந்தாள். படித்தபோது அதுவும் வேஷமாகத் தெரிந்தது. திட்டிக்கொள்வதிலும் ஒரு பெருமை ஒளிந்திருந்தது. கிழித்தாள். ஆறாவது தடவை, எதையும் ஒட்டாமல், இரண்டு பக்கத்தில் நின்றது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்காவின் கணவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்று கை காட்டினார். அக்கா உள்ளறையில் ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தாளை நீட்டினாள்.

"மறுபடியுமா?"

"யாருக்கும் காட்டல. நீ படி மொதல்ல."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். "எத்தன நாள் இருக்கப் போறன்னு நீ கேக்கல."

"கேட்டேன்கா. நல்லா ஞாபகம் இருக்கு."

"இல்லடி. 'இந்த மிஷின எங்க வைக்கிறது, எடமே இல்லையே'ன்னு சொன்ன. கைய ஈரத்தோட இடுப்புல வச்சுக்கிட்டு நின்ன. மத்தத நானா புரிஞ்சுக்கிட்டேன்."

சின்னவள் குனிந்து அந்த வரியைத் திரும்பப் படித்தாள். பத்தொன்பது வருடம் நெஞ்சில் கிடந்து உறுத்திய வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லையா, அல்லது அக்காதான் அதைத் தனக்குத் தாங்குகிற அளவுக்கு மாற்றி வைத்திருக்கிறாளா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று அக்கா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா போடாத."

"ஏன்? இதுல பொய் இல்லையே."

"இதப் போட்டா உன்னப் பிடிச்சுத் திட்டுவாங்க. எனக்கு அதுவும் பிடிக்கல. முன்ன பின்ன தெரியாதவங்க என்னப் பாவம்னும் சொல்ல வேணாம், உன்னப் பாவின்னும் சொல்ல வேணாம்." கால்சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டீ போடட்டுமா? அவரு எப்படியும் கேப்பாரு."

அவள் அதை வெளியிடவில்லை. எழுதுவதை நிறுத்தவும் இல்லை. திங்கள்தோறும் குளிர்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரும்பாலும் தன்னைப் பற்றியும் தன் கைகளைப் பற்றியும் எழுதினாள். பதினைந்து இருபது பேர் படித்தார்கள். வாக்கியங்கள் முன்பைவிடக் கச்சிதமாக அமைந்தன, அவளுக்கே தெரிந்தது. அரைப்புள்ளி எப்போதாவது வந்து, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவார்.

அக்கா இப்போது போனில் பேசுகிறாள். எதைச் சொன்னாலும் முதலில், "இத எழுதிடாத" என்று ஆரம்பிக்கிறாள். தண்ணிக் குழாய் உடைந்ததைச் சொன்னாலும் அப்படித்தான். இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் குழாய், டாக்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை என்று யாரிடமும் சொல்லக்கூடிய விஷயங்களைத்தான் அவள் சொல்கிறாள். மற்றதைச் சொல்வதில்லை. சின்னவளும் கேட்பதில்லை.