எனக்கென்று எடுத்து வைத்த வசனம்

எங்கள் சபையில் வருடப்பிறப்புக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்துக் கொண்டுவருவார்கள். கண்ணை மூடி மேலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருப்பது அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்கென்று சொன்ன வார்த்தை. எனக்கு ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்தான் வந்தது. பிள்ளையில்லாத கிழட்டு முற்பிதாவுக்கு, உன் சந்ததி வானத்து நட்சத்திரம் போலவும் கடற்கரை மணல் போலவும் பெருகும் என்று கடவுள் கொடுத்த வாக்கு. தட்டை நீட்டுபவர் சபைச் செயலாளரான என் கணவர்.

முதல் வருடம் நான் அழுதுவிட்டேன். இரண்டாம் வருடம் சபையே கைதட்டியது. பிறகு சபை அக்காமார் என் வயிற்றில் எண்ணெய் பூசி ஜெபிக்கத் தொடங்கினார்கள். சேலைக்குள்ளே பத்து விரல், இருபது விரல். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாடை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் வேறு. மணல் போலப் பெருகுமாம். எங்கள் குடாக் கரையில் மணலைவிட ஊருக்குள் திரியும் மான்களின் புழுக்கையும் சொப்பிங் பையும்தான் அதிகம். அப்படி நினைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன், பைத்தியக்காரி.

நான்கு வருடங்களுக்கு முன் கந்தளாய்ப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சபையிலிருந்து பால்மா கொண்டுபோனோம். அங்கே இரண்டு மாதப் பெண் குழந்தை ஒன்று என் விரலைப் பிடித்தது, விடவில்லை. தத்தெடுக்க விண்ணப்பம் போடலாம் என்று பொறுப்பாளர் சொன்னார். கணவர் மறுத்துவிட்டார்.

"கடவுள் வாக்குத் தந்திருக்கேக்க வேற பிள்ளையைத் தூக்கிறது அவிசுவாசம். வாக்குப் பெற்ற அந்தக் கிழவனும் கிழவியும் பொறுக்க ஏலாமல் வேலைக்காரியைக் கொண்டு பிள்ளை பெத்து என்ன நடந்தது?"

என்ன நடந்தது? ஒரு தோல் துருத்தியில் தண்ணீரைக் கொடுத்து அந்த வேலைக்காரியையும் அவள் பிள்ளையையும் வனாந்தரத்துக்குத் துரத்தினார்கள். என்னால் ஏற்க முடியாத இடம் அதுதான். அவர் அதை எனக்குப் பாடமாகச் சொன்னார். நானும் அடங்கிப்போனேன். குழந்தையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

போன மார்கழி முப்பத்தோராம் திகதி, காலையில் சபை மண்டபம் கூட்டப் போனேன். தட்டைத் துடைக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தால், என் பெயர் எழுதிய கடித உறை ஒன்று. உள்ளே நான்கு அட்டைகள். நான்கிலும் அதே வசனம்.

போதகரின் மனைவி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்ன அன்ரி?"

அவர் கூச்சப்படவே இல்லை. "உங்கட மனசு சோரக்கூடாதெண்டுதான் பிள்ளை. உங்கட மனுசன்தான் கேட்டவர். நீங்கள் கண்ணை மூடினவுடனே மேல ஒண்டை வைப்பார்."

வீட்டில் கணவர் அடுத்த நாள் ஆராதனைக்குச் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். அட்டைகளைச் சட்டையின் மேல் போட்டேன். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னம் கொழும்பில செக் பண்ணினனான். பிழை என்னிலதானாம். பிள்ளை வராதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ விட்டிட்டுப் போயிருவாயெண்டு பயந்தனான். வசனம் வந்தால் நம்பிக்கையா இருப்பாய்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் வேதத்தில் மறைத்திருந்தார். அத்தனை விரல்களும் என் வயிற்றில் ஊர்ந்தபோது பக்கத்தில் நின்று ஆமென் சொன்ன வாய் அது. அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடிக் குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தேன்.

என் முகம் கண்டு பயந்து மண்டபத்திலிருந்து பின்னால் வந்த அன்ரி, அப்போதுதான் வாசலை எட்டி நான் வாந்தி எடுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ஸ்தோத்திரம்! எத்தனை நாள் தள்ளியிருக்குப் பிள்ளை?"

நான் கணவரைப் பார்த்தேன். இப்போதாவது வாய் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

"இன்னும் நிச்சயமாத் தெரியாது அன்ரி. ஜெபியுங்கோ."

வாயைத் துடைத்துக்கொண்டு நானே சொன்னேன்:

"இவருக்குப் பிள்ளை வராதாம் அன்ரி. ஏழு வருஷமா இவருக்குத் தெரியுமாம். கந்தளாய்ப் பிள்ளையை வேண்டாமெண்டது கடவுளில்லை, இவர்."